அடிமணலின் வரலாறு

வீட்டுக் கூடத்திலும் கடை முகப்பிலும் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் இன்று நம் நகரத்தில் பலர் உளர். வடசென்னையைச் சார்ந்த கொளத்தூர், வண்ணமீன் வாணிகத்துக்கென்றே பெயர் பெற்ற இடமாகிவிட்டது. அங்கிருந்து வாங்கி வந்த பொன்மீனும் கப்பியும் மோலியும் ஓராண்டோ ஈராண்டோ நலமாக வாழ்ந்த பின்னர், வளர்ப்பவர் மனத்தில் ஓர் எண்ணம் எழுகின்றது. தொட்டியின் அடியிலுள்ள சரளைக்கற்கள் நிறம் மங்கிவிட்டன. அவற்றினிடையே அழுக்குப் படிந்துவிட்டது. அனைத்தையும் அள்ளி எறிந்துவிட்டுப் புதிய கற்களை இட்டால் என்ன என்பதே அவ்வெண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிகின்றது. தொட்டி பளிங்குபோல் விளங்குகின்றது. வீட்டார் யாவரும் கண்டு மகிழ்கின்றனர். ஆனால் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து தவிக்கின்றன. வாரம் முடிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மாள்கின்றன.

தூய்மை செய்ததனால் உயிர் போவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண மனிதருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. விடை கண்டவருள் மீன் வளர்த்தோரும் இருந்தனர். நகரங்களுக்குக் குடிநீர் வழங்கியோரும் இருந்தனர். மணற்படுகையைப் பற்றி இவ்விரு சாராரும் கற்ற பாடம் ஒன்றே. ஆதலின் மீன்தொட்டியின் கதையை நம் நகரக் குடிநீரின் கதையோடு சேர்த்தே சொல்ல விரும்புகின்றேன். அதனைத் தொடங்குதற்கு யானைக்கவுனி தக்க இடமாகும்.

கவுனி என்பது கோட்டை வாயிலைக் குறிக்கும் சொல். இன்று யானைக்கவுனியில் வாயிலும் இல்லை, மதிலும் இல்லை. பெயர் மட்டுமே எஞ்சியுள்ளது. 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் வாயில்வரை வந்து நின்றது. இவ்விரு அச்சங்களும் சேர்ந்து, அக்காலத்தில் கறுப்பர் நகரம் என வழங்கிய, பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாற்றம் பெற்ற பகுதியைச் சுற்றி வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பச் செய்தன. அதனைக் கட்டும் குத்தகையை ஏற்றவர் பால் பென்பீல்டு. அம்மதிலின் மேற்குப் புறத்து வாயில்களுள் ஒன்றே யானைக்கவுனி. மதிலுக்கான செலவை மக்களிடம் வரியாகத் திரட்ட எண்ணினர், அவ்வரி தண்டப்படவேயில்லை. எனினும் வால்டாக்ஸ் சாலை என்னும் பெயரில் அது இன்றும் வாழ்கின்றது.

மதில் எழுந்த அதே காலத்தில், யானைக்கவுனியிலிருந்து வடகிழக்கே நடந்து செல்லும் தொலைவில், மற்றொரு வேலையும் நடைபெற்றது. 1772ஆம் ஆண்டில் கேப்டன் பேக்கர் என்பவரின் முயற்சியால் கோட்டைக்குக் குடிநீர் வழங்கக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவ்விடம் ஏழு கிணறு என இன்றளவும் வழங்குகின்றது. கடற்கரையை அடுத்த அந்நிலம் மணற்பாங்கானது. பெய்த மழைநீர் மணலின் வழியே மெல்ல இறங்கித் தெளிந்து கிணற்றில் ஊறியது. அந்நீர் நல்ல நீர் என்பதனை அக்காலத்தார் நாவினால் அறிந்தனர். மணலில் இறங்கும்போது நீருக்கு என்ன நேர்கின்றது என்பதனை அவர்களுள் எவரும் அறியார்.

நகரம் பெருகியது, கிணறுகள் போதாவாயின. பிரேசர் என்னும் பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி, கொசஸ்தலையாற்று நீர் தாமரைப்பாக்கத்து அணையிலிருந்து சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பப்பட்டது. 1872இல் அந்நீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, இரும்புக் குழாய்களில் நகரமெங்கும் பாய்ந்தது. தொலைவிலிருந்து வந்த அந்நீர் வடிகட்டப்படாத ஏரி நீரே. ஏழு கிணற்று நீருக்கு இயற்கையே அளித்திருந்த மணற்படுகை இந்நீருக்கு இல்லாது போயிற்று. அக்குறை நீங்க 42 ஆண்டுகள் கழிந்தன. சென்னை மாநகராட்சியின் தனிப் பொறியாளராக இருந்த மேட்லி என்பவரின் திட்டப்படி 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைக்கப்பட்டன. மனிதர் மணலைப் பரப்பி, இயற்கை செய்த வேலையைத் தாமே செய்யத் தொடங்கினர்.

இத்தகைய வடிகட்டியை முன்னரே அமைத்திருந்தது இலண்டன் நகரம். அங்கு 1829இல் செல்சி குடிநீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்சன் பெரிய மணற்படுகை ஒன்றை அமைத்தார். அடியில் சரளை, அதன் மேல் மணல், அதன் மேல் ஆற்று நீர். நீர் மிக மெதுவாக மணலில் இறங்கித் தெளிந்து வெளிவரும். சல்லடை மாவைச் சலிப்பதுபோல் மணல் அழுக்கைச் சலிக்கின்றது என்றே அக்காலத்தார் கருதினர். ஆனால் 1885இல் பெர்சி பிராங்லாந்து என்னும் வேதியியலார் வடிகட்டிக்கு உள்ளே செல்லும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்களை எண்ணிப் பார்த்தபோது வியப்பு ஒன்று காத்திருந்தது. மணல் இடுக்கினூடே எளிதாக நுழையக்கூடிய அளவினவாகிய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மறைந்துபோயிருந்தன. சல்லடை என்னும் கருத்து இதனை விளக்கவில்லை.

விளக்கம் ஒரு பெருந்துயரத்தின் வாயிலாக வந்தது. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வாந்திபேதி பரவி 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரமோ பெரிதும் தப்பியது. இவ்விரு நகரங்களும் எல்பு என்னும் ஒரே ஆற்றின் நீரையே பருகின. ஆல்டோனா நீர் எடுத்த இடமோ, ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்த பிற்பாடுள்ள கீழ்ப்பகுதி. ஆனால் ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது, ஹாம்பர்க்கில் இல்லை. இதனை ஆராய்ந்த ராபர்ட் கோக், மணலின் மேற்பரப்பில் உருவாகும் வழவழப்பான மெல்லிய படலமே உண்மையான வடிகட்டி என உணர்த்தினார். அப்படலம் பாசியும் நுண்ணுயிரும் நிறைந்த ஓர் உயிர்ப்போர்வை. அடுத்த குளிர்காலத்தில் ஆல்டோனாவிலேயே நோய் சிறிது தலைகாட்டியது. பனிக்காலத்தில் துப்புரவு செய்யப்பட்ட படுகை உறைந்து கெட்டதே அதற்குக் காரணம் எனக் கோக் கண்டார். படுகையைச் சுரண்டியபின் நீரைச் சில காலம் அசையாது நிறுத்தி, படலம் மீண்டும் உருவான பின்னரே நகரத்துக்கு விடவேண்டும் என்றும், நீர் இறங்கும் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மிகலாகாது என்றும் அவர் விதித்தார். பளிச்சென்று துலக்கிய மணல் நகரத்துக்கே ஆபத்து என்பது அன்று தெளிவாயிற்று.

இனி மீன்தொட்டிக்கு வருவோம். அதன் வரலாறும் ஏறத்தாழ அதே காலத்ததே. 1849இல் இலண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் 12 காலன் கொள்ளும் கண்ணாடிக் கலம் ஒன்றில் பாதியளவு நீர் நிரப்பி, அடியில் மணலும் சேறும் கூழாங்கற்களும் இட்டு, நீர்ப்பூண்டு ஒன்றை நட்டு, இரண்டு சிறு பொன்மீன்களை விட்டார். பூண்டின் இலைகள் அழுகி நீர் கலங்கியபோது நத்தைகள் சிலவற்றைச் சேர்த்தார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி கொள்கின்றது, செடி வெளிவிடும் பிராணவாயுவை மீன் கொள்கின்றது என 1850இல் அவர் எழுதினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீனகம் ஒன்று திறக்கப்பட்டது. நம் சென்னையில் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் 1909இல் கடற்கரைச் சாலையில் எழுந்த மீன் காட்சிசாலை இம்மரபின் வழித்தோன்றலே. அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது.

வாரிங்டன் மீனையும் செடியையும் நத்தையையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். தம் கலத்தின் அடியிலிருந்த மணலை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அக்கணக்கை நிறைவு செய்யும் பணியில் பங்கு கொண்டவர் அவருடைய மைந்தரே என்பது வரலாற்றின் அழகிய நிகழ்ச்சிகளுள் ஒன்று.

1877இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், மியூன்சு என்னும் இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிறைத்த நெடிய குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல ஒழுகவிட்டனர். 20 நாட்கள் ஒரு மாறுதலும் இல்லை. கழிவிலிருந்த அம்மோனியா அம்மோனியாவாகவே வெளிவந்தது. அதன் பின்னர் அம்மோனியா குறைந்து நைட்ரேட்டு தோன்றியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியவுடன் அம்மாறுதல் நின்றுவிட்டது. மணல் உயிரற்றதாயின் அதனை மயக்க மருந்து எவ்வாறு நிறுத்தக்கூடும்? மணலில் உயிர்கள் குடியேறியுள்ளன, அவற்றுக்குக் குடியேற 20 நாட்கள் வேண்டியிருந்தன என்பது விளங்கியது. இச்செய்தியறிந்த இளைய ராபர்ட் வாரிங்டன் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட் பண்ணையில் பல்லாண்டு ஆராய்ந்து, அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் வேறோர் உயிரால் நைட்ரேட்டாகவும் மாறுகின்றது என இருபடிகளாகப் பிரித்துக் காட்டினார். 1890இல் வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர் அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். தந்தை தம் தொட்டியின் அடியில் அறியாமல் குடியேற்றியவற்றை மைந்தர் அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்.

இந்த ஆராய்ச்சி இன்றும் முடிந்துவிடவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்த நைட்ரோபாக்டர் என்னும் உயிர் அன்று, நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் உயிரே என 1998இல் தெரியவந்தது. 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மீன் காட்சிசாலையில், கடல்மீன் தொட்டி ஒன்றன் சரளையிலிருந்தே அம்மோனியாவை உண்டு வாழும் புதியதோர் உயிர் பிரித்தெடுக்கப்பட்டது. அது பாக்டீரியாக்களினின்றும் வேறான ஆர்க்கியா என்னும் தொன்மையான இனத்தைச் சார்ந்தது. 2015இல் இருபடி வேலையையும் தானே முடிக்கும் நைட்ரோஸ்பைரா கண்டறியப்பட்டது. அதுவும் மீன்வளர்ப்பு வடிகட்டி ஒன்றில் கிடைத்ததே. அழுக்குச் சரளை என்று நாம் வாளியில் அள்ளி எறிவது இத்தகைய ஒரு குடியிருப்பு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைத் துயரத்துக்குக் காரணம் கூறலாம். மீன் தன் கழிவை அம்மோனியாவாகப் பெரும்பாலும் செவுள் வழியே நீரில் விடுகின்றது. எஞ்சிய இரையும் உதிர்ந்த இலையும் அழுகி அதனைப் பெருக்குகின்றன. அம்மோனியா செவுளைச் சுடும் நஞ்சு. அதிலிருந்து தோன்றும் நைட்ரைட்டோ குருதியிற் கலந்து அது பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். நீரில் பிராணவாயு இருந்தும் மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான். மூன்றாவதாகிய நைட்ரேட்டு ஒப்பு நோக்கத் தீங்கு குறைந்தது. நீரை அவ்வப்போது மாற்றினால் நீங்கிவிடும். முதல் இரண்டு நஞ்சுகளையும் இரவும் பகலும் மாற்றிக் கொண்டிருந்த உயிர்கள் நீரில் மிதப்பவை அல்ல. கல்லிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்பவை. அவற்றைக் கல்லோடு எறிந்த பின் மீன் மட்டும் முன்போலவே கழிவு விடுகின்றது.

எறிந்த உயிர்கள் விரைவில் மீள்வதில்லை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களுள் சில தக்க சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். அம்மோனியா உண்பவையோ நல்ல நிலையிலும் ஒருமுறை இரட்டிக்கப் பல மணி நேரம் கொள்ளும். புதிய தொட்டி பக்குவமடைய 4 முதல் 6 வாரங்கள் ஆகும் என்பது அதனால்தான். நம் ஊரின் தட்பவெப்பமும் துன்பத்தைப் பெருக்குகின்றது. அம்மோனியாவின் நச்சு வடிவம் வெப்ப நீரிலும் காரநீரிலும் மிகும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7இலிருந்து 8க்கு உயர்ந்தால் நச்சு வடிவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். குளிர்நாட்டு நூலைப் படித்துவிட்டு, கடின நீர் கிடைக்கும் வடசென்னைத் தெருவில் மீன் வளர்ப்போர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் சரளையை மாற்றவே கூடாதா? மாற்றலாம். மாற்றும் முறையைக் குடிநீர்ப் பணியாளரிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். மணல் வடிகட்டி அடைத்துக்கொண்டால் அவர்கள் மேல் மணலில் ஓர் அங்குலம் அளவே சுரண்டுவர். பல படுகைகள் இருப்பின் ஒரு சமயத்தில் ஒன்றனையே நிறுத்துவர். ஏனையவை வேலை செய்துகொண்டிருக்கும். பன்முறை சுரண்டி மணல் குறைந்த பின்னர் புது மணல் இடவேண்டி வரும். அப்போது எஞ்சிய பழைய மணலை ஒருபுறம் ஒதுக்கி, புது மணலை அடியில் இட்டு, பழைய மணலை அதன் மேல் பரப்புவது முறை. பழையதில் வாழும் உயிர்கள் புதியதற்கு விரைந்து குடியேறட்டும் என்பதே இதன் கருத்து. வீட்டில் தயிர் தோய்க்கும் எவர்க்கும் இது புதிதன்று. உறைமோர் இன்றிப் பால் தயிராவதில்லை.

இம்முறையை மீன்தொட்டிக்குப் பொருத்திக் கூறுகின்றேன். சரளையை ஒரே நாளில் எடுக்காது, நான்கில் ஒரு பங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ எடுத்தல் வேண்டும். ஒரு பங்குக்கும் அடுத்த பங்குக்கும் இடையே இரண்டு வாரங்களேனும் விடவேண்டும். எடுக்கும் பகுதியிலுள்ள அழுக்கை முதலில் ரப்பர்க் குழாயால் உறிஞ்சி வெளியேற்றிவிட்டால் நீர் கலங்காது. எடுத்த பழைய கற்களில் சிலவற்றை வலைப்பையில் கட்டி, நீரோட்டம் உள்ள மூலையில் சில வாரம் தொங்கவிடுதல் நன்று, அதுவே உறைமோர். சரளை மாற்றும் காலத்தில் வடிகட்டியின் பஞ்சைக் கழுவவோ மாற்றவோ கூடாது. இரு படுகைகளையும் ஒருங்கே நிறுத்தலாகாது என்னும் விதி இங்கும் பொருந்தும். சரளைக்கு அடியில் தட்டு வைத்துக் காற்றுக் குழாயால் நீரை இழுக்கும் வகைத் தொட்டிகளில் சரளையே முழு வடிகட்டியாதலால், அங்கு இன்னும் சிறு பங்குகளாக மாற்றுக. அந்நாட்களில் இரையைப் பாதியாகக் குறைக்க. அம்மோனியா, நைட்ரைட்டு அளவுகளைக் காட்டும் சோதனை மருந்து வண்ணமீன் கடைகளிற் கிடைக்கும். அவை தோன்றினால் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றி, அடுத்த பங்கு சரளையைத் தொடாது காத்திருக்க.

புதிய கல்லைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். இராயபுரமும் திருவொற்றியூரும் கடற்கரை ஊர்களாதலால், கரையில் மணலை அள்ளி வந்து கழுவி இட்டால் போதும் எனச் சிலர் எண்ணுவர். அம்மணலில் கிளிஞ்சல் துகள்கள் கலந்திருக்கும். அவை மெல்லக் கரைந்து நீரின் கடினத்தையும் காரத்தையும் கூட்டும்; அம்மோனியாவின் நஞ்சு அதனால் மிகும் என்பதனை முன்னரே கண்டோம். ஐயமுள்ள கல்லின் மீது சில துளி வினிகர் விட்டுப் பார்க்க. நுரைத்துக் குமிழி எழுமாயின் அதில் சுண்ணாம்பு உண்டு. கட்டட வேலைக்குரிய கருங்கல் ஜல்லி கரையாது. ஆயினும் அதன் கூரிய முனைகள் அடித்தளத்தில் இரை தேடும் மீன்களின் வாயைக் கிழிக்கும். உருண்ட கூழாங்கல்லே ஏற்றது. அதனைச் சோப்பு இன்றி, நீர் தெளியும்வரை கழுவுக. குழாய் நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகின்றது. நமக்கு நன்மை செய்யும் அம்மருந்து தொட்டியின் நல்லுயிர்களையும் கொல்லும். ஆகவே பழைய சரளையைக் குழாயடியில் கழுவற்க. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. தொட்டியில் விடும் புதுநீரிலும் குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்த பின்னரே விடுக.

ஒரே தவணையில் அனைத்தையும் மாற்றியே தீரவேண்டிய நிலையும் உண்டு. சரளை மிக ஆழமாக இடப்பட்டு அடியில் காற்றின்றிப் போனால், அங்கு கருமை படர்ந்து, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் கொடிய வாயு. அத்தகைய படுகையை மீன்கள் உள்ளே இருக்கும்போது கிளறுதல் தகாது. மீன்களைத் தொட்டியின் நீரோடும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வடிகட்டியோடும் வேறு கலத்துக்கு மாற்றிவிட்டு வேலை செய்க. வடிகட்டி நிற்கும் நேரம் எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவுக்கு அதிலுள்ள உயிர்கள் பிழைக்கும். பின்னர்ப் புதுச் சரளையை 2 அங்குல ஆழத்துக்கு மேற்படாது பரப்புக.

அன்பர்களே, மதில் நோக்கியோர் யானைக்கவுனியில் கல்லைக் கண்டனர். அதே நகரத்தின் நீரைக் காத்தது மணல். அம்மணலும் தானாகக் காக்கவில்லை. அதில் குடியிருந்த கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் காத்தன. கீழ்ப்பாக்கத்துப் படுகைக்கும் உங்கள் கூடத்துத் தொட்டிக்கும் அளவில் வேறுபாடு உண்டேயன்றி வேலையில் வேறுபாடு இல்லை. ஆதலின் இவ்வாரம் சரளையை மாற்றக் கருதியுள்ளோர் வாளியை எடுக்குமுன் நாட்காட்டியை எடுங்கள். நான்கு பங்கு, இடையிடையே இரண்டு வாரம் எனக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதத்தில் தொட்டியின் அடித்தளம் முழுதும் புதிதாகியிருக்கும். மேலே நீந்தும் மீன்களும் பழைய மீன்களாகவே இருக்கும்.